காலண்டர் விட்ஜெட் பழைய நிகழ்ச்சிகளோடு அப்படியே நிற்கிறது. ஆப்பைத் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை ஆண்ட்ராய்டு போனில் நிகழ்வுகளைச் சேமித்துவைக்கும் ‘காலண்டர் ஸ்டோரேஜ்’ என்ற சிஸ்டம் ஆப்புக்குள் போய் ‘கிளியர் டேட்டா’வை மட்டும் அழுத்திவிடாதீர்கள். இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு தேடியபோது எனக்கு முதலில் கிடைத்த யோசனை அதுதான். அதைச் செய்ததில் என் அப்பாவைப் பற்றிய மூன்று வருடக் குறிப்புகள் போயின. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஹோம் ஸ்கிரீனில் விட்ஜெட்டைப் பார்த்தே நாளை ஓட்டுகிறவர் என்று நினைக்கிறேன். ஆப்பைத் திறக்கும் பழக்கமே உங்களுக்கு இருக்காது. நானும் அப்படித்தான் இருந்தேன். “ஆப்பைத் திறந்து பார்த்தால் போயிற்று, இதற்கொரு கேள்வியா?” என்று கீழே யாராவது எழுதக்கூடும். அவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: விட்ஜெட் நின்றுவிட்டது என்று தெரிந்தால்தானே ஆப்பைத் திறக்கத் தோன்றும்? ஓடுகிற விட்ஜெட்டும் நின்றுபோன விட்ஜெட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா, நான், தம்பி மூவருக்கும் பொதுவாக ‘அப்பா’ என்ற பெயரில் ஒரு காலண்டர் உண்டு. அப்பா என்னோடு இருக்கிறார். மருத்துவமனையில் கொடுத்திருந்தது அக்காவின் எண். தேதியைச் செவ்வாய்க்கு மாற்றியிருப்பதாக அவளுக்குத்தான் போன் வந்தது. அவளும் உடனே காலண்டரில் மாற்றிவிட்டாள். என் விட்ஜெட் மட்டும் வியாழன் என்றே காட்டிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் பத்துத் தடவையாவது அந்தத் திரையைப் பார்த்திருப்பேன்.

புதன்கிழமை காலையில், “ஏன் வரவில்லை?” என்று அக்காவுக்குப் போன். அக்கா என்னைக் கூப்பிட்டு, “நான்தான் காலண்டர்ல மாத்திட்டேனேடா, பார்க்கவே மாட்டியா?” என்றாள். அடுத்த நேரம் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அப்பா எதையாவது படித்துக்கொண்டே இருக்கிறவர். அந்த மூன்று வாரமும் கண்ணாடியில்லாமல், புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார். “விடுப்பா, மூணு வாரம்தானே” என்றார். அக்கா திட்டியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து தேடி, மேலே சொன்ன காரியத்தைச் செய்தேன். விட்ஜெட் உயிர் பெற்றது. இரண்டு நாளில் மறுபடி நின்றது. அதற்குள் இன்னொன்றும் தெரிந்தது. அப்பாவின் சர்க்கரை அளவு, எந்த மாத்திரை எப்போது மாறியது, எந்த மருந்துக்கு உடம்பு தடித்தது என்று நான் எழுதிவந்த நிகழ்வுகள் ஒன்றுகூட இல்லை. கணக்கோடு இணைந்த காலண்டர்கள் சர்வரிலிருந்து திரும்ப இறங்கிவிட்டன. இந்தக் குறிப்புகளை நான் போட்டுவைத்திருந்தது, எந்தக் கணக்கோடும் சேராமல் போனுக்குள் மட்டும் இருக்கும் காலண்டரில். அதற்கு வேறெங்கும் பிரதி கிடையாது. யோசனை சொன்னவர் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் நான் செய்திருக்க மாட்டேன். ‘கிளியர் கேஷ்’ வேறு, ‘கிளியர் டேட்டா’ வேறு. முன்னது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும், அதனால் நஷ்டமில்லை. பின்னது, போனில் இருக்கும் மொத்த நிகழ்வுகளையும் துடைத்துவிடும்.

நான் மென்பொருள் துறைக்காரன் இல்லை. அதற்குப் பிறகு சில வாரம் தேடிப் படித்து, என் போனிலேயே செய்துபார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். துறையில் இருப்பவர்கள் தவறு கண்டால் திருத்துங்கள்.

விட்ஜெட் என்பது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி ஆப் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. காலண்டர் ஆப் அவ்வப்போது விழித்து ஒரு படம் வரைந்து ஹோம் ஸ்கிரீனிடம் கொடுக்கிறது. அடுத்த படம் வரும்வரை ஹோம் ஸ்கிரீன் அதையே காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு தானாகவே விட்ஜெட்டைப் புதுப்பிக்கச் சொல்லும் இடைவெளி குறைந்தது 30 நிமிடம். அதைவிட அடிக்கடி வேண்டுமென்றால் ஆப் தானே வேறு வழியில் எழுந்துகொள்ள வேண்டும். அப்படி எழ முடியாமல் போனால், கடைசியாகக் கொடுத்த படம் நாள்கணக்கில் அப்படியே நிற்கும். ஆகவே நின்றுபோன விட்ஜெட்டில் பெரும்பாலும் பழுதாக எதுவும் இருக்காது. அதை வரைகிறவரை யாரோ எழவிடாமல் வைத்திருக்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஆப்பைத் திறந்து பாருங்கள். ஆப்புக்குள்ளேயே தகவல் பழையது என்றால் விட்ஜெட்டை நோண்டுவதில் பயனில்லை. கோளாறு சிங்க்கில், அதாவது சர்வரில் இருப்பதைப் போனுக்குக் கொண்டுவரும் வேலையில், இருக்கிறது. செட்டிங்ஸில் உங்கள் கணக்குக்குள் போய்க் காலண்டர் சிங்க் ஆன் ஆகியிருக்கிறதா, காலண்டர் ஆப்புக்குள் அந்தக் குறிப்பிட்ட காலண்டருக்கு சிங்க் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி சேவர் போட்டிருந்தாலும் பின்னணி வேலைகள் தள்ளிப்போகும். இணைய முகவரி ஒன்றைக் கொடுத்து கூகுள் காலண்டரில் சேர்த்த வெளிக் காலண்டர் என்றால் கதையே வேறு. அதில் செய்த மாற்றம் வந்துசேர 12 மணி நேரம்வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. அதைப் போன் பக்கமிருந்து விரைவுபடுத்த முடியாது.

ஆப்பில் சரியாக இருக்கிறது, ஆப்பைத் திறந்து மூடியதும் விட்ஜெட்டும் சட்டென்று சரியாகிவிடுகிறது என்றால், பின்னணியில் ஆப் முடக்கப்பட்டிருக்கிறது. என் போனில் இதுதான். உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே பலரும் ‘டோஸ்’ என்ற பேட்டரி சேமிப்பு வசதியைக் குற்றம் சொல்வார்கள். 2015-இல் ஆண்ட்ராய்டு 6-இல் வந்தது அது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, போன் அசையாமல் கிடந்தால் ஆப்களின் வேலைகளை ஒத்திப்போடும். ஆனால் திரையை ஒளிரவிட்டதும் டோஸ் விலகிவிடும். விட்ஜெட் சற்று நேரம் பின்தங்கியிருந்து தானே சரியானால் டோஸ் என்று சொல்லலாம். நான்கு நாள் நின்றால் அது இல்லை. அப்போது பார்க்க வேண்டியது, போன் தயாரிக்கும் நிறுவனங்கள் ஆண்ட்ராய்டுக்கு மேல் தாங்களாகச் சேர்க்கும் பேட்டரி மேலாண்மையை. பல நாள் திறக்காத ஆப்பை அவற்றில் சில ‘தூங்கும் ஆப்கள்’ பட்டியலில் போட்டுவிடுகின்றன. விட்ஜெட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஆப்பைத் திறக்காமலே இருந்தேன் அல்லவா, போன் கணக்கில் நான் அதைப் பயன்படுத்தவே இல்லை. ஒரு பொருளை அதிகம் நம்பியவனுக்கே அது நின்றுபோகிற மாதிரி வடிவமைப்பது எப்படி நியாயம் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. பேட்டரி இரண்டு சதவீதம் கூடுதலாகச் செலவானால் நான் சார்ஜ் போட்டுக்கொள்வேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். செட்டிங்ஸில் ஆப்கள் பட்டியலில் உங்கள் காலண்டர் ஆப்பைத் திறந்து, பேட்டரி என்பதில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ தேர்ந்தெடுங்கள். பழைய போன்களில் ‘ஆப்டிமைஸ் செய்யாதே’ என்ற பொருளில் இருக்கும். அதே பக்கத்தில், ஆப் பயன்படாமல் இருந்தால் நிறுத்திவைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், மாதக்கணக்கில் பயன்படாத ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளைக்கூடப் போன் தானே திரும்ப வாங்கிக்கொள்ளும். காலண்டரைப் படிக்கும் அனுமதி போய்விட்டால் விட்ஜெட் எதை வரையும்? பிறகு பேட்டரி பகுதிக்குத் தனியாகப் போய், தூங்கவைக்கப்பட்ட ஆப்களின் பட்டியலில் காலண்டர் இருந்தால் வெளியே எடுங்கள். இது எல்லோரும் தவறவிடும் இடம். அன்ரெஸ்ட்ரிக்டட் போட்ட பிறகும் என் விட்ஜெட் நின்றதற்கு இந்தப் பட்டியல்தான் காரணம். தேதி மட்டும் நள்ளிரவில் மாறாமல் நிற்கிறது என்றால் ‘அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்’ என்ற அனுமதியையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12-இல் வந்த அனுமதி அது. சரியான நொடியில் எழுந்துகொள்ள சில ஆப்களுக்கு அது தேவை.

‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ அழுத்துங்கள் என்று சொல்வார்கள். அழுத்தினால் மறக்காமல் ஆப்பை ஒரு தடவை திறந்துவிடுங்கள். நிறுத்தப்பட்ட ஆப், நீங்கள் திறக்கும்வரை தானாக எழாது. ஆண்ட்ராய்டு 15-இல் அப்படி நிறுத்திய ஆப்பின் விட்ஜெட் சாம்பல் நிறமாகிவிடும். அந்த ஒரு மாற்றத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். செத்தது செத்ததாகவாவது தெரிகிறதே. சமீபத்திய ஆப்களை மொத்தமாகத் தள்ளி மூடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். சில போன்களில் அது ஃபோர்ஸ் ஸ்டாப் செய்வதற்குச் சமம்.

ஆப்பைத் திறந்த பிறகும் விட்ஜெட் மாறவில்லை என்றால் மட்டும் விட்ஜெட்டை எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். அதன் செட்டிங்ஸில் எந்தெந்தக் காலண்டர்கள் டிக் ஆகியிருக்கின்றன என்பதையும் பாருங்கள். ஆப்பை மெமரி கார்டுக்கு மாற்றியிருந்தால் போனின் உள் நினைவகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

“ஐபோன் வாங்குங்கள்” என்பவர்களுக்கு: அங்கேயும் விட்ஜெட் வரைந்து வைத்த படம்தான். 2020-இல் ஐஓஎஸ் 14-இல் வந்த முறைப்படி, அடிக்கடி பார்க்கப்படும் விட்ஜெட்டுக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 முதல் 70 முறைதான் புதுப்பிக்க ஒதுக்கீடு என்று ஆப்பிளின் டெவலப்பர் குறிப்பிலேயே இருக்கிறது. நின்றால் ‘பேக்ரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்’, ‘லோ பவர் மோட்’ இரண்டையும் பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். அக்கா மேல் எனக்கு இன்னமும் வருத்தம் இருக்கிறது. தேதி மாறியதும் ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். காலண்டரில் போட்டுவிட்டால் சொல்லிவிட்டதாகக் கணக்கு என்று எங்கள் வீட்டில் எப்போது முடிவானது? தம்பியும் அப்படித்தான். ‘அப்பா செக்கப்’ என்று எழுதி என் பெயரைச் சேர்த்துவிடுவான். அவனைப் பொறுத்தவரை அவன் பங்கு முடிந்தது. அழைத்துப்போவது, வரிசையில் உட்காருவது, மருந்து வாங்குவது எல்லாம் நான். இதைச் சொன்னால் “அப்பா உன்கூடத்தானே இருக்கார்” என்கிறார்கள். இருக்கிறார்தான். அவரை வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னிடம் யாரும் பேசுவதில்லை என்பதுதான் குறை. அக்கா கெட்டவள் என்று சொல்லவில்லை; அறுவை சிகிச்சைக்குப் பாதிப் பணம் அவள்தான் கொடுத்தாள். ஆனாலும் அன்றைக்கு அவள் கூப்பிட்டிருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதையெல்லாம் செய்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று உடனே நம்பிவிடாதீர்கள். இதையெல்லாம் செய்யும்போது இடையில் ஆப்பையும் திறந்துவிடுவோம் என்பதால் எல்லாமே சரியானது போல் தெரியும். நான் இரண்டு தடவை அப்படி ஏமாந்தேன். ராத்திரி படுக்கும் முன் கம்ப்யூட்டரிலோ வேறு போனிலோ அதே காலண்டரில் மறுநாள் தேதிக்கு ‘சோதனை’ என்று ஒரு நிகழ்வு போடுங்கள். உங்கள் போனைத் தொடாதீர்கள். காலையில் திரையைத் திறந்து, ஆப்பைத் திறக்காமல், ஐந்து நிமிடம் பொறுத்து விட்ஜெட்டைப் பாருங்கள். மூன்று ராத்திரி இப்படி வந்தால் நம்பலாம். சிஸ்டம் அப்டேட் வந்த பிறகும் ஒரு தடவை செய்து பாருங்கள். என் போனில் ஒரு அப்டேட்டுக்குப் பின் காலண்டர் மறுபடி தூங்கும் பட்டியலுக்குப் போயிருந்தது. முடிந்தால் இன்றைய தேதியைப் பெரிதாகக் காட்டும் வகை விட்ஜெட்டை வையுங்கள். என்னுடையது வெறும் நிகழ்வுப் பட்டியல். தேதி தெரிந்திருந்தால் அது நின்றதை ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடித்திருப்பேன்.

காலையில் ‘சோதனை’ வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணையும், விட்ஜெட் எந்த ஆப்பினுடையது என்பதையும், ஆப்பைத் திறந்ததும் அது மாறுகிறதா இல்லையா என்பதையும் கருத்தில் எழுதுங்கள். பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன்.