அணை எடுத்த ஆத்துல கயாக் ஓட்டலாமா?

கேள்வி: கலிஃபோர்னியால இருக்கோம். கிளாமத் ஆத்துல அணைங்கள எடுத்துட்டாங்களே, இனிமே பயமில்லாம கயாக் ஓட்டலாம்தானே? பழைய மேப் ஒண்ணு கையில இருக்கு, அது போதுமா?
- ஒரு வாசகி

பதில்: போங்கம்மா, ஆனா அந்த மேப்ப நம்பிப் போகாதீங்க. 2024ல ஜே.சி. பாயில், காப்கோ 1, அயர்ன் கேட்னு மூணு அணையையும் எடுத்து முடிச்சாங்க, காப்கோ 2 அதுக்கு முந்தின வருஷமே போயிடுச்சு, அதனால ஏரி மாதிரி தண்ணி தேங்கி நின்ன இடமெல்லாம் இப்ப ஓடுற ஆறு, மேப்புல அமைதியான தண்ணின்னு போட்டிருக்குற எடத்துல பாறையும் வேகமான இறக்கமும் இருக்கும். வண்டல் இன்னும் நகர்ந்துட்டே இருக்கறதால ஒரு பெரிய வெள்ளம் வந்தா போன சீசன்ல போன வழிகூட மாறிடும்.

முன்னாடி ஜே.சி. பாயில்ல கரண்ட் எடுக்கத் தண்ணி தொறந்து விடுவாங்க, கோடையிலயும் ராஃப்டிங் (காத்தடைச்ச படகுல ஆத்துல போறது) நடக்கும். இப்ப அது இல்ல, கிளம்புறதுக்கு முன்னாடி நீரளவு பாத்தே ஆகணும்.

எனக்கு ரொம்ப பயம் தண்ணிக்குள்ள விழுந்து கிடக்குற மரங்கதான். தண்ணி கிளைக்கு நடுவுல போயிடும், ஆள் மாட்டிக்குவாங்க, வெளிய வரவே முடியாது. வளைவுக்கு அந்தப்பக்கம் தெரியலன்னா கரையேறி நடந்து பாருங்க. கவுந்தா எந்திரிச்சு நிக்காதீங்க, கால் பாறையில சிக்கும், மல்லாந்து, தண்ணி ஓடுற பக்கமா காலை நீட்டி மிதங்க. லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் கட்டாயம். முதல் தடவை அந்த ஊர் கைடு கூட போங்க, தனியா வேண்டவே வேண்டாம்.