போட்டியாளர் மீதே காதல் வருமா?

பதவி உயர்வுக்குத் தம்மோடு போட்டியிடும் சக ஊழியரையே ஒருவர் காதலிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், என் விஷயத்தில் அதற்குத் துணை நின்றது ஒரு வங்கியின் கரன்சி செஸ்ட்.

ரிசர்வ் வங்கிக்கு உரிய நோட்டுகளை அதன் சார்பில் காத்துவைக்கும் அந்த அறையின் சாவிகள் இரண்டு அதிகாரிகளிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். ஒரு சாவி என்னிடம் இருந்தது. மற்றொன்றை வைத்திருந்தவரோ, ஸ்கேல் ஒன்று என்னும் தொடக்க நிலை அதிகாரிப் பதவியிலிருந்து அடுத்த நிலையான ஸ்கேல் இரண்டுக்கு உயர்வதற்கான தேர்வை அதே ஆண்டில் என்னோடு எழுதவிருந்தவர். காலியிடங்கள் வங்கி முழுமைக்குமானவை என்பதால் இருவருமே தேறியிருக்கலாம். அந்த எளிய கணக்கு எங்களுக்கு அன்று உறைக்கவில்லை. விடுப்பெடுத்தால் சாவியைப் பதிவேட்டில் எழுதி வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால், படிப்பதற்காக ஒருவர் எடுக்கும் விடுப்பு மற்றவருக்குத் தெரியாமல் போகாது. இருவரும் காரணமாகச் சொன்னது காய்ச்சலைத்தான்.

ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளை, கட்டுக்கு ஆயிரம் தாளாக, ஐந்தைந்து லட்சமாக அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், காசோலையை வசூலிக்கும் வங்கிக்குப் பாதுகாப்பளிப்பது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 85ஆம் பிரிவு என்று நான் பெருமையாகச் சொன்னேன். "அது பணம் கொடுக்கும் வங்கிக்கு, சார். வசூலிக்கும் வங்கிக்கு 131" என்று கட்டிலிருந்து கண்ணெடுக்காமலேயே அவர் திருத்தினார். இரவு புத்தகத்தைப் புரட்டி அவர் சொன்னதே சரி என்று கண்டபோது எரிச்சல் வந்தது. மறுநாள் அவர் சாவியோடு வரும் நேரத்தை எதிர்பார்க்கும் பரபரப்பும் கூடவே வந்தது.

அவர் தேறினார், நான் தேறவில்லை. உயர்வோடு அவருக்கு வெளிமாநில மாற்றலும் வந்தது. சாவி ஒப்படைப்புப் பதிவேட்டில் கையெழுத்திடும்போது வாழ்த்துச் சொல்ல முயன்ற எனக்கு வார்த்தை வரவில்லை, அவர்தான் பேசினார்.

"கணவன், மனைவியை இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது, சார். அதையாவது படித்திருக்கிறீர்களா?"

படித்திருக்கவில்லை. அன்றே படித்தேன்.

திருமணத்துக்குப் பிறகு அவருடைய ஊருக்கு மாற்றல் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. 'இயன்றவரை' என்ற சொல்லின் நீளம் அப்போதுதான் புரிந்தது. இப்போது அடுத்த தேர்வுக்கு அவருடைய பழைய குறிப்பேட்டைத்தான் படிக்கிறேன். 131ஆம் பிரிவுக்கு நேரே, ஓரத்தில், "இது அவருக்குத் தெரியாது" என்று பென்சிலால் எழுதி, தேதியும் குறித்து வைத்திருக்கிறார்.