மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு

கேள்வி: மகன் பாத்ரூம் லைட்டை அணைப்பதே இல்லை. அதற்காகத் தினமும் வீட்டில் சத்தம்தான். இப்போது அறை அறையாகப் போய் நானே அணைத்துவிடுகிறேன். அப்படியும் கரண்ட் பில் இறங்கவில்லையே, ஏன்?

பதில்: முதலில் பையனை விட்டுவிடுங்கள், பாவம். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று ராத்திரி 10 மணி நேரம் எரிந்தாலும் 90 வாட்-மணிதான் ஆகும். 1,000 வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். அதாவது, 11 ராத்திரி அவன் அணைக்க மறந்தால்தான் ஒரு யூனிட் ஓடும். அதே பாத்ரூமில் தொங்கும் 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் அந்த ஒரு யூனிட்டை முடித்துவிடும்.

ஒயரிங் வேலையில் எனக்கு 30 வருடம் ஓடிவிட்டது. பில்லை நீட்டிப் புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “வீட்டில் எதெல்லாம் சூடாக்குகிறது?” என்றுதான். கீசர், அயர்ன் பாக்ஸ், கெட்டில், துணி காயவைக்கும் மெஷின் இதெல்லாம் பெருந்தீனிக்காரர்கள். வெளிச்சம் போடுவதும் பாட்டுப் பாடுவதும் கொறிக்கத்தான் செய்யும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி ஏற்ற அரை யூனிட்டுக்கும் குறைவாகவே போதும். 2,000 வாட் கீசருக்கு அது 13, 14 நிமிட வேலை. நாள் முழுக்க ஸ்விட்சைப் போட்டே வைத்திருந்தால், தொட்டி ஆற ஆற அது மறுபடி மறுபடி சூடேற்றிக்கொண்டே இருக்கும். குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

அப்புறம், ஊகத்தை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சாகியிருக்கும்; 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணி, 1,125-ஐ அதால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 15 நொடி என்றால் 75 வாட். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வரும் விடையை 1,125-க்குப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நான் என் வீட்டில் செய்து பார்த்தது ரொம்பத் தாமதமாகத்தான். மெயினை மட்டும் விட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் உட்பட எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன். விளக்கு நின்றுவிடும் என்று பார்த்தால், 22 நொடிக்கு ஒரு தரம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய 51 வாட்! ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாதத்துக்கு 36-க்கும் மேலே. தேடிப் பார்த்தால் மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர். பேட்டரிக்கு வயதாகிவிட்டது, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிறையவில்லை, நிறையாததால் சார்ஜர் ஓயவே இல்லை. தொட்டால் வெதுவெதுப்பு. டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி இறங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கேள்வி: பிளக்கில் செருகினாலே மின்கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று ஒரு கருவிக்கு விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு கெப்பாசிட்டர், எரிந்து காட்ட ஒரு குட்டிப் பச்சை விளக்கு, அவ்வளவுதான். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் நிஜ வேலைக்குப் போகிற பங்கை, சரிசெய்யும் என்பது உண்மை. தொழிற்சாலைகளுக்கு அதனால் பயன் உண்டு. வீட்டுக்கு வழக்கமாகப் பில் போடுவது நிஜமாகச் செலவான யூனிட்டுக்கு. அதை இந்த டப்பா தொடவே தொடாது.

கேள்வி: ஏ.சி.யை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், பிறகு அணைத்துவிடலாம் என்கிறார் கணவர். சரியா?

பதில்: அந்த எண் எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. சாதாரண ஏ.சி.யின் கம்ப்ரஸர் 18-க்கும் 26-க்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 என்றால் நிற்காமல் ஓடும். 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுழல விடுங்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவி எத்தனை நாளாயிற்று என்றும் அவரைக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் இருப்பது இரண்டே பேர். தண்ணீர் பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. குழாய் எதுவும் ஒழுகவில்லை.

பதில்: தண்ணீர் என் தொழில் இல்லை, ஆனாலும் ஒயர் இழுக்கப் போன வீடுகளில் நிறையப் பார்த்துவிட்டேன். ராத்திரி படுக்கப் போகும்போது தண்ணீர் மீட்டரைக் குறித்து வைத்து, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கேயோ ஒழுக்கு இருக்கிறது. எனக்கு முதல் சந்தேகம் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி மேல்தான். அது சத்தமில்லாமல் ஒழுகும். தொட்டித் தண்ணீரில் ஏதாவது நிறப்பொடியைக் கொஞ்சம் கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே கழிப்பறைப் பேசினில் நிறம் தெரிந்தால் தொட்டி ஒழுகுகிறது, பெரும்பாலும் அடி வாஷர் போயிருக்கும். சின்னச் சாமான்தான், மாற்றிவிடலாம். கூடவே தொட்டிக்குள்ளும் எட்டிப் பாருங்கள். தண்ணீர் உபரிக் குழாயின் வாய்வரை ஏறி உள்ளே வழிந்துகொண்டிருந்தால் மிதவை உயரமாக நிற்கிறது. அதை இறக்கி, வாய்க்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் நிற்கும்படி வையுங்கள்.