650 குதிரைக்கு 14 ஆயிரம் டாலர்: கொட்டேஷன்ல எழுதாம விட்டது என்னென்ன?

கேள்வி: அண்ணா வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கேன். 2000 மாடல் செவர்லே கமாரோ இசட்28, ஒரிஜினல் எல்எஸ்1 வி8 இன்ஜின், ஆறு கியர் மேனுவல். இன்ஜின் கட்டுற கடை ஒண்ணுல 650 ஹார்ஸ்பவருக்கு லாங் பிளாக் 14 ஆயிரம் டாலர்னு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. டர்போ எதுவும் இல்ல. ரேட் நியாயமா, இல்ல தலையில மொளகா அரைக்கிறாங்களா?

பதில்: ரேட் அநியாயம் இல்ல தம்பி. ஃபோர்ஜ்டு கிராங்க், ராட், பிஸ்டன், நல்ல அலுமினிய ஹெட், மெஷின் ஷாப் கூலி எல்லாம் சேத்தா அந்த அளவுக்கு வந்துரும். ஆனா அந்த 14 ஆயிரத்தோட கார் ரோட்டுக்கு வந்துரும்னு நெனச்சா அங்கதான் அடி. சுண்டைக்கா கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் கதைதான் இது.

மொதல்ல ஒண்ணு கேளுங்க, 650 எங்க அளந்தது? கடைக்காரர் சொல்றது கிராங்க்ல, அதாவது இன்ஜின் தண்டுல, நீங்க டைனோல (பவர் அளக்குற மெஷின்) ஏத்தி பாக்குறது வீல்ல, மேனுவல் கார்ல நடுவுல ஒரு 15 சதவீதம் போயிரும், அப்ப வீலுக்கு வர்றது 550 பக்கம். (கம்பெனி நம்பரையும் ரொம்ப நம்பாதீங்க, அந்த காலத்துல கார்வெட் எல்எஸ்1க்கு 345, உங்க கமாரோவுக்கு 305னு போட்டாங்க, டைனோல ஏத்துனா அவ்ளோ வித்தியாசம் தெரியாது, கார்வெட் வாங்குனவன் மனசு நோகக்கூடாதுன்னுதான்னு இன்னிக்கும் பேசிக்குவாங்க.)

அடுத்து எந்த பிளாக்ல கட்டுறாங்க? உங்க எல்எஸ்1 அலுமினியம், சிலிண்டருக்குள்ள இருக்குற இரும்பு லைனர் ரொம்ப மெல்லிசு, பழைய செவர்லே 350 இன்ஜின போர் பண்ற (சிலிண்டர கடைஞ்சு அகலமாக்குற) மாதிரி 30 தௌ, 40 தௌ (ஒரு தௌன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) எல்லாம் எடுக்க முடியாது, 10 தௌவே ஜாஸ்தி. அதனால டிரக்ல வர்ற 6.0 லிட்டர் இரும்பு பிளாக்க எடுத்து சிலிண்டர் அகலம் 4.030 இன்ச், பிஸ்டன் ஏறி எறங்குற தூரம் 4 இன்ச் வர்ற கிராங்க் போட்டு 408 கியூபிக் இன்ச்சா மாத்துறதுதான் வழக்கம். முன்னாடி எண்பது தொண்ணூறு பவுண்ட் வெயிட் கூடும், ரோட்டு காருக்கு அது பெரிய விஷயம் இல்ல.

லாங் பிளாக்னா ஷார்ட் பிளாக்கோட (பிளாக், கிராங்க், ராட், பிஸ்டன்) ஹெட்டும் வால்வ தொறக்குற கேமும் சேந்தது, அவ்ளோதான். காத்து உள்ள போற இன்டேக், த்ராட்டில் பாடி, பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர், புகை வெளிய போற ஹெட்டர் பைப் எதுவும் அதுல வராது. இன்ஜெக்டரையே எடுத்துக்கோங்க, டர்போ இல்லாத இன்ஜின் ஒரு ஹார்ஸ்பவருக்கு மணிக்கு சுமார் அரை பவுண்ட் பெட்ரோல் குடிக்கும், 650க்கு 325 பவுண்ட், அத எட்டா பிரிச்சு இன்ஜெக்டர் 80 சதவீதத்துக்கு மேல ஓடாம பாத்தா ஒவ்வொண்ணும் மணிக்கு 50 பவுண்டுக்கு மேல விடணும், உங்க கார்ல இருக்குறது அதுல பாதிதான். இன்ஜெக்டர மாத்துனா டேங்க்ல இருக்குற பம்ப்பும் பத்தாது. அந்த வகையில ஆயிரம், ஆயிரத்தைநூறு. இன்டேக் சமாச்சாரம் இன்னொரு ஆயிரம். ஹெட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஆயிரத்தைநூறு. கிளட்ச் ஆயிரம். டியூனிங் 600, 800.

பின்னாடி இருக்குறதுதான் பெருசு. அந்த கமாரோவோட 10 போல்ட் ரியர் ஆக்ஸில் சும்மாவே பேர் கெட்டது, நல்ல கிரிப்பான டயர் மாட்டி கிளட்ச்ச டக்குன்னு விட்டா பல்லு உதிரும். அத தூக்கிட்டு ஃபோர்டு 9 இன்ச் மாதிரி ஒண்ணு போட 3,000, 4,000 டாலர் எடுத்து வைங்க. ஆக 14 ஆயிரத்துக்கு மேல எட்டு பத்து ஆயிரம் இல்லாம இந்த கார் நிம்மதியா ஓடாது.

பவர் மட்டும்தான் வேணும்னா பாதி காசுல வேற வழி இருக்கு. 1999ல இருந்து செவர்லேயோட சில்வராடோ, டாஹோவுல வந்த 5.3 லிட்டர் இரும்பு பிளாக் ஜங்க்யார்டுல ஆயிரம் டாலருக்கு முன்ன பின்ன கெடைக்கும், வால்வ் ஸ்பிரிங்கும் கேமும் மாத்தி ஒரு டர்போ போடுங்க. கிராங்க், பிளாக் எல்லாம் தாங்கும், மாட்டிக்கிறது ராடும் பிஸ்டன் ரிங்கும்தான். ரிங்க கழட்டி சிலிண்டருக்குள்ள நேரா வச்சு ரெண்டு முனைக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசான தகடு) விட்டு பாத்தா கம்பெனி விட்ட கேப் டர்போ சூட்டுக்கு கம்மி, சூட்டுல ரிங் நீண்டு முனை ரெண்டும் முட்டிச்சுன்னா பிஸ்டன் மேல் விளிம்பையே பேத்துரும், அதனால அரம் வச்சு 25 தௌ பக்கம் தேய்ச்சு விடுவாங்க. இதுக்கு கூலி ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா இத செய்யாம விட்டதாலயே போன இன்ஜின் ஏகப்பட்டது. வாங்கும்போது 2007க்கு மேல வந்த ஜென் 4 (நாலாவது தலைமுறை) இன்ஜின் கெடச்சா விடாதீங்க, ராடு பலம். என்ன, டர்போ பைப்ப வளைச்சு இடம் பண்றதுக்குள்ள தாவு தீந்துரும்.

கடையிலயே கட்டுறதுன்னு முடிவு பண்ணுனா மொத்தத்தையும் முன்பணமா குடுக்காதீங்க, பார்ட்ஸ் வந்ததும் ஒரு பங்கு, டைனோ ஷீட்ட பாத்துட்டு மீதி. எந்த பிராண்ட் ராடு, எந்த பிஸ்டன், பேரிங் கிளியரன்ஸ் எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. எழுதித் தர மாட்டேங்குறவர்கிட்ட காச குடுக்காதீங்க.

கேள்வி: ஃபிரீமாண்ட்ல இருக்கோம். 2023 மஸ்டாங் ஜிடிக்கு சூப்பர்சார்ஜர் மாட்டணும்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான். மாட்டுனா வாரண்டி மொத்தமா போயிருமா?

பதில்: மொத்தமா போகாதுங்க. வெளி பார்ட்ஸ் போட்டதுக்காக மட்டும் வாரண்டிய ரத்து பண்ண 1975ல வந்த மேக்னசன் மாஸ் சட்டம் விடாது, அந்த பார்ட்தான் சேதத்துக்கு காரணம்னு கம்பெனிதான் காட்டணும். ஏசி ரிப்பேர் ஆனா தாராளமா போய் நில்லுங்க. ஆனா சூப்பர்சார்ஜர் போட்ட இன்ஜின்ல பிஸ்டன் போச்சுன்னா அவங்க காட்டுறது ஈசி, கம்ப்யூட்டர்ல டியூன் மாத்துனதும் தெரிஞ்சுரும். டீலர் மூலமா மாட்டுனா தனி வாரண்டியோட வர்ற கிட் இருக்கு, விலை கூட, உங்களுக்கு அதுதான் சரி. கலிபோர்னியாங்கறதால ஏர் ரிசோர்சஸ் போர்டோட இஓ நம்பர் (அந்த கிட்டுக்கு குடுக்குற அனுமதி எண்) இல்லாத கிட் பக்கமே போகாதீங்க, ஸ்மாக் டெஸ்ட்ல (புகை சோதனை) மாட்டுவீங்க. கூடவே ஆயில் பம்ப் கியர மாத்த காசு ஒதுக்குங்க, உங்க மஸ்டாங்ல இருக்குற கொயோட்டி இன்ஜின்ல கம்பெனி போடுறது பொடி உலோகத்துல செஞ்சது, ஜாஸ்தி பூஸ்ட்லயும் ஆர்பிஎம்லயும் ஒடஞ்சா ஆயில் பிரஷர் போய் இன்ஜினே காலி. பார்ட் விலை சில நூறு டாலர்தான், கூலிதான் கடிக்கும், ஏன்னா முன்பக்கம் பூரா பிரிக்கணும்.

கேள்வி: செவர்லே 1,000 குதிரை இன்ஜின பொட்டியில போட்டு விக்குதாமே, அதயே வாங்கிட்டா தொல்லை விட்டுதில்ல?

பதில்: அது 2021ல அறிவிச்ச இசட்இசட்632. 10.4 லிட்டர், டர்போவே இல்லாம பங்க்ல கெடைக்கிற 93 ஆக்டேன்ல 1,004 ஹார்ஸ்பவர், விலை வந்தப்பவே 37 ஆயிரம் டாலருக்கு மேல. தனித்தனியா பார்ட்ஸ் வாங்கி அதே பவர கட்டிப் பாத்தா இந்த விலை பெருசா தெரியாது. ஆனா அந்த டார்க்க தாங்குற கியர்பாக்ஸ், ஆக்ஸில், ரேடியேட்டர் எதுவும் பொட்டியில வராது. அதுக்கு இன்னொரு 15 ஆயிரம் கையில இருந்தா ஆர்டர் போடுங்க.