12 இன்ச் ரீமிக்ஸ் ரெக்கார்டைக் கணினியில் ஏற்றும்போது டிரம்ஸ் மழுங்காமல் இருக்க என்ன வழி?

கேள்வி: வணக்கம் சார். என் தாய்மாமா ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டு கொடுத்திருக்கிறார். எல்லாம் 1981 முதல் 1987 வரை வந்த பிரிட்டிஷ், ஜெர்மன் சிந்த்-பாப் (சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்து அமைத்த பாப்) பாடல்களின் 12 இன்ச் நடன ரீமிக்ஸ்கள். யு.எஸ்.பி. டர்ன்டேபிளில் ஓட்டி ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பதிவு செய்தேன். சடசடப்பு அதிகமாக இருந்ததால் கிளிக் ரிமூவல் போட்டேன். சடசடப்பு போனது, கூடவே கைத்தட்டல் சத்தமும் ஹை-ஹாட் என்ற சிம்பல் சத்தமும் உயிரில்லாமல் ஆகிவிட்டன. எந்த அளவில் செட்டிங் வைத்தால் சரியாக வரும்?

பதில்: எந்த எண்ணை வைத்தாலும், அதையே பாட்டு முழுக்கப் போட்டால் இந்தப் பிரச்சினை தீராது. டிரம்ஸ் ஓடும் இடத்துக்கு ஒரு அளவு, டிரம்ஸ் இல்லாத இடத்துக்கு வேறு அளவு என்று பிரித்துத்தான் போட வேண்டும். ஏன் என்று புரிந்துவிட்டால் மீதி வேலை கைக்கு அடங்கிவிடும்.

கிளிக்கை நீக்கும் மென்பொருளுக்கு இசை தெரியாது. சட்டென்று எழும்பி சட்டென்று அடங்கும் கூர்மையான முனைகளைத் தேடிப் பிடித்து, அந்த இடத்தைப் பக்கத்து ஒலியைக் கொண்டு நிரப்புகிறது. தூசியும் கீறலும் தருவது அப்படிப்பட்ட முனைதான். ஆனால் சிந்த்-பாப்பின் தாளமும் அப்படியே எழும்புகிறதே! 1980-இல் வந்த லின் எல்.எம்.-1, ரோலண்ட் டி.ஆர்.-808, 1982-இல் வந்த லின்டிரம் எல்லாமே ஒலியை நேராகக் கம்பி வழியே மிக்ஸிங் மேசைக்கு அனுப்பிய டிரம் மெஷின்கள். அறையில் வைத்து அடித்த டிரம்ஸுக்கு மைக்கும் சுவர்களும் கொடுக்கும் மென்மை இதில் கிடையாது. 808-இன் கைத்தட்டலை அலைவடிவத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். அடுத்தடுத்து சில இரைச்சல் வெடிப்புகள், அப்புறம் ஒரு வால். ஒவ்வொரு வெடிப்பின் தொடக்கமும் மென்பொருள் கண்ணுக்கு ஒரு கிளிக். அது பிடுங்குவது அந்தத் தொடக்கத்தைத்தான்.

ஆகவே மென்பொருளுக்குப் போகும் கிளிக்குகளை முடிந்தவரை முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். இந்த வேலையில் பாதிக்கு மேல் கணினியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. உலர்ந்த கார்பன் ஃபைபர் பிரஷ் மேல்தூசியை மட்டும்தான் எடுக்கும். தடத்துக்குள் ஒட்டிப்போன அழுக்குக்கு ஈரக் கழுவல் தேவை. காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) நீரும் ரெக்கார்டு கழுவும் திரவமும் சேர்த்து, தடம் போகும் திசையிலேயே மென்மையாகத் துடைத்து, அழுக்கோடு சேர்த்து ஈரத்தை உறிஞ்சி எடுங்கள். உறிஞ்சும் இயந்திரம் யாரிடமாவது இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு காய்ந்து தடத்திலேயே தங்கிவிடும். லேபிள் நனையக்கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகே ஊசியை வையுங்கள். ஊசி முனையையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடையுங்கள்.

கழுவியும் சில ரெக்கார்டுகளில் முதல் சில விநாடிகள் மட்டும் புஸ்ஸென்று இரையும். அது அழுக்கு அல்ல. கிளப்பில் ஓட்டிய டி.ஜே. முதல் அடியைக் கண்டுபிடிக்கத் தட்டை முன்னும் பின்னும் தேய்த்ததால் வந்த தேய்மானம். நடன ரெக்கார்டுகளில் இது சகஜம். இதற்கு மென்பொருளை விட ஊசி மாற்றம்தான் கைகொடுக்கும். மைக்ரோலைன், ஷிபாட்டா போன்ற நுண்முனை ஊசிகள் தடத்தின் சுவரைச் சாதாரண உருண்டை ஊசி தொடாத இடத்தில் தொடும். தேயாத பகுதி அங்கே மிச்சமிருந்தால், போய்விட்டது என்று நினைத்த ஒலி திரும்பி வரும். உங்கள் டர்ன்டேபிளில் கார்ட்ரிட்ஜை (ஊசியைத் தாங்கும் சிறு பகுதியை) மாற்ற முடியும் என்றால் செலவு செய்ய முதல் இடம் அதுதான். மாற்றிய பிறகு ஊசி தட்டை அழுத்துவதற்குத் தயாரிப்பாளர் சொன்ன எடையை வையுங்கள், பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராமுக்குள் இருக்கும். எடையைக் குறைத்தால் ரெக்கார்டுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. உண்மையில் எடை போதாமல் தடத்தில் துள்ளும் ஊசிதான் அதிகக் கேடு செய்யும்.

12 இன்ச் சிங்கிள்களில் பல 45 ஆர்.பி.எம்.-இல், அதாவது நிமிடத்துக்கு 45 சுழற்சி வேகத்தில், வெட்டப்பட்டவை. இடம் தாராளமாக இருப்பதால் தடம் அகலம், ஒலி உரக்கம். தட்டின் வெளி விளிம்பில் தடம் ஊசிக்குக் கீழே விநாடிக்குச் சுமார் 69 சென்டிமீட்டர் ஓடுகிறது. அதே இடத்தில் 33⅓-இல் 51 சென்டிமீட்டர்தான். உள்ளே லேபிளை நெருங்க நெருங்க இரண்டும் பாதிக்கும் கீழே இறங்கும். எட்டு, ஒன்பது நிமிட ரீமிக்ஸ் 33⅓-இல் இருந்து, கடைசி நிமிடங்களில் ஹை-ஹாட் கிழிவது போலக் கேட்டால், காரணம் இந்த வேகக் குறைவு. கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரி செய்தால் ஓரளவு குறையும். மென்பொருளில் அதற்கு நல்ல மருந்து இல்லை.

பதிவு அளவுக்கு வருவோம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். நம் காதுக்கு 96 தேவையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கிளிக் என்பது மிகக் குறுகிய நேரத்தில் நடந்து முடிவது, 96-இல் அதன் விளிம்பு தெளிவாகத் தெரியும் என்பதால் சொல்கிறேன். நிமிடத்துக்குச் சுமார் 35 மெகாபைட் ஆகும், பரவாயில்லை. யு.எஸ்.பி. டர்ன்டேபிள்கள் சில 16 பிட்டில் மட்டுமே பதியும், ஒலியளவைக் குறைக்கவும் விடாது. உங்களுடையது அந்த ரகமாக இருந்து, அதில் தனி ஆடியோ வெளியீடும் இருந்தால், ஃபோனோ பிரீஆம்ப், ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி) வழியாகப் போவது மேல். ரெக்கார்டு வெட்டும்போது குறைத்த பாஸையும் கூட்டிய ட்ரெபிளையும் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவுகோலின் வளைவின்படி திருப்பிச் சமன் செய்வது அந்த பிரீஆம்ப்தான். டர்ன்டேபிளுக்குள்ளேயே ஒரு பிரீஆம்ப் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் பாஸ் வீங்கிவிடும்.

பதிவு அளவை முதல் நிமிடத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ரீமிக்ஸில் உரத்த இடம் பெரும்பாலும் நடுவில் வரும். எல்லாம் அடங்கி, பிறகு கிக் டிரம், பாஸ், கைத்தட்டல் மூன்றும் ஒன்றாகத் திரும்பி விழும் இடம். அங்கே ஊசியை வைத்து உச்சம் மைனஸ் 6 டெசிபெலுக்குக் கீழே நிற்கும்படி செய்யுங்கள். அப்புறம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். ஸ்பீக்கரின் அதிர்வு தட்டு வழியாக ஊசிக்கே திரும்பிப் போய் பாஸைக் குழப்பும்.

இப்போது நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். முதலில் பதிவான கோப்பை அப்படியே நகலெடுத்து ஓரமாக வையுங்கள். வேலையெல்லாம் நகலில். வேறு எந்த ஃபில்டரும் போடுவதற்கு முன் கிளிக் வேலையை முடியுங்கள். ஃபில்டர் போட்டால் கிளிக்கின் கூர்மை பரவி, அப்புறம் பிடிக்க முடியாமல் போகும்.

ரீமிக்ஸைத் துண்டு துண்டாகப் பாருங்கள். டிரம்ஸ் இல்லாமல் சிந்த் மட்டும் நீண்டு ஒலிக்கும் தொடக்கம், நடு இடைவெளி, இறுதி. சடசடப்பு காதை உறுத்துவது இங்கேதான். கிளிக் ரிமூவலைத் தாராளமாகப் போடக்கூடிய இடமும் இதுதான். ஆடாசிட்டியில் த்ரெஷோல்ட் குறையக் குறைய அதிகம் பிடுங்கும், ஸ்பைக் விட்த் கூடக் கூட நீளமானதையும் பிடுங்கும். முதலில் வரும் த்ரெஷோல்ட் 200, விட்த் 20 என்ற அளவை இந்தப் பகுதிகளில் வைத்தே தொடங்கலாம். டிரம்ஸ் ஓடும் பகுதியில் த்ரெஷோல்டை நன்றாக ஏற்றி, விட்த்தைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். அங்கே சின்னச் சின்ன சடசடப்பு மிஞ்சினாலும் தாளத்தின் அடியில் மறைந்துவிடும்.

அளவு சரியா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கிளிக் நீக்கிய டிராக்கையும் நீக்காத டிராக்கையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றை இன்வெர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் கலந்துவிடுங்கள். மென்பொருள் பிடுங்கியது மட்டும் மிஞ்சும். அதைக் கேளுங்கள். ஒழுங்கில்லாத டிக், டிக் மட்டும் கேட்டால் நல்லது. காலால் தாளம் போட முடிகிறது என்றால் பாட்டைப் பிடுங்கியிருக்கிறீர்கள். த்ரெஷோல்டை ஏற்றி, விட்த்தை இறக்கி மறுபடி செய்யுங்கள். செட்டிங் எண்ணை விட இந்தச் சோதனையை நம்பலாம்.

பெரிய கீறல்களைக் கையால்தான் எடுக்க வேண்டும். சந்தேகமான முனையைப் பெரிதாக்கி, இடது, வலது இரண்டு சானல்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பாருங்கள். கிக், ஸ்னேர் போன்ற டிரம் அடிகள் பெரும்பாலும் நடுவில் வைக்கப்பட்டவை, இரண்டு சானலிலும் ஒரே உருவத்தில் எழும்பும். கீறல் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், அல்லது ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் குத்தி நிற்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிட்டால் தாளத்தையும் கீறலையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். கீறலை மட்டும் குறித்து ஆடாசிட்டியின் ரிப்பேர் கட்டளையைக் கொடுங்கள். அது ஒரு நேரத்தில் 128 சாம்பிள் வரைதான் எடுக்கும், 96 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல். பெரும்பாலான கீறலுக்குப் போதும்.

அதற்கும் அடங்காத கீறல், அதுவும் சரியாகக் கைத்தட்டலின் மேலேயே விழுந்திருந்தால்? இங்கே இந்த இசை நமக்கு உதவுகிறது. டிரம் மெஷின் ஒவ்வொரு முறையும் அதே ஒலியை அதே இடத்தில் அடிக்கிறது. குரல் இல்லாத, சிந்த் வரியும் மாறாத இடமாக இருந்தால், பக்கத்துத் தாளச் சுற்றிலிருந்து அந்த ஒரு அடியை மட்டும் எடுத்துப் பழுதான அடியின் மேல் வைக்கலாம். முனைகள் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி நகர்த்தி, இரு ஓரங்களிலும் 5 மில்லி விநாடி கிராஸ்ஃபேடு (ஒன்று தேய மற்றொன்று எழும் கலப்பு) கொடுங்கள். எந்தச் சுற்றிலிருந்து எடுக்கிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. 45 ஆர்.பி.எம்.-இல் தட்டு ஒருமுறை சுற்ற 1.33 விநாடி. பாட்டு நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓடினால் நாலு அடிச் சுற்று 2 விநாடி. அதாவது தட்டின் மூன்று சுழற்சியும் பாட்டின் இரண்டு சுற்றும் ஒன்றாக 4 விநாடியில் முடிகின்றன. குறுக்கே விழுந்த கீறல் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அதே அடியில் வந்து உட்காரும்! எனவே இரண்டு சுற்று தள்ளி எடுக்காதீர்கள், ஒரு சுற்று முன்னாலிருந்து எடுங்கள். வேறு வேகப் பாட்டுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல் நீக்கம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முடிந்தால் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. எண்பதுகளின் ஸ்னேரில் கேட்கும், பெரிதாக எழுந்து சட்டென்று வெட்டப்படும் எதிரொலி இருக்கிறதே, அதைத்தான் இது முதலில் நீர்த்துப்போகச் செய்யும். போட்டே ஆக வேண்டும் என்றால், பாட்டு தொடங்குமுன் வரும் வெற்றுத் தடத்தை மாதிரியாக எடுத்து 3 அல்லது 4 டெசிபெல் மட்டும் குறையுங்கள்.

அடியில் உறுமும் மோட்டார் சத்தத்துக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் போதும். இன்னும் மேலே ஏற்றினால் 808-இன் கிக் மெலிந்துவிடும். பாஸைச் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாக்குவது (இரண்டு சானலையும் ஒன்றாக்குவது) இன்னொரு நல்ல வழி. ரெக்கார்டு வெட்டுபவர்கள் பாஸைப் பொதுவாக நடுவிலேயே வைத்திருப்பார்கள். ஆகவே பாட்டுக்கு நஷ்டமில்லை, மேலும் கீழுமாக ஆடும் உறுமல் மட்டும் குறையும்.

நீண்டு நிற்கும் சிந்த் ஸ்வரம் மெல்ல ஏறி இறங்குகிறதா? 45 ஆர்.பி.எம்.-இல் 1.33 விநாடிக்கு ஒருமுறை வந்தால் தட்டின் துளை மையத்தில் இல்லை என்று பொருள். தட்டைச் சற்று நகர்த்தி வைத்து மறுபதிவு செய்வதே சரி. பாஸைக் கூட்டுவதும், இன்றைய பாடல் போல லிமிட்டர் (உச்சங்களை அமுக்கும் வசதி) போட்டு உரக்கமாக்குவதும் வேண்டவே வேண்டாம். அந்தக் காலக் கலவை மெலிந்து, பளிச்சென்றுதான் இருக்கும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள்.

ஒரு ரெக்கார்டைக் கையில் எடுப்பதற்கு முன், அதே ரீமிக்ஸ் மூல டேப்பிலிருந்து சி.டி.யாகவோ டிஜிட்டலாகவோ அதிகாரபூர்வமாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம், உங்கள் நேரம் வராத தட்டுகளுக்குப் போகட்டும். பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1983-இல் இசட்.டி.டி. நிறுவனம் வெளியிட்ட, ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் ‘ரிலாக்ஸ்’ 12 இன்ச்சில் ஒரே பட்டியல் எண்ணின் கீழ் வேறு வேறு கலவைகள் வந்தன. நீளத்தையும், லேபிளுக்குப் பக்கத்து வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒப்பிட்டால்தான் எது எதென்று தெரியும்.

அந்த எண்ணைக் கோப்பின் விவரத்திலும் எழுதி வையுங்கள். திருத்தாத பதிவை 24 பிட் ஃப்ளாக் (FLAC) கோப்பாக ஒரு ஃபோல்டரிலும், திருத்தியதை இன்னொன்றிலும் வையுங்கள். ஃப்ளாக்கில் தரம் குறையாது, இடமும் மிச்சமாகும். நாளைக்கு இன்னும் நல்ல மென்பொருள் வந்தால் திருத்தாத பதிவிலிருந்துதான் மறுபடி தொடங்க முடியும். இதெல்லாம் உங்கள் சொந்தக் கேட்புக்கு. இணையத்தில் ஏற்ற வேண்டுமென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். முதல் ரெக்கார்டாகப் பெட்டியில் அதிகம் கெட்டுப்போனதை எடுக்காதீர்கள், ஓரளவு சுத்தமாக இருக்கும் 45 ஆர்.பி.எம். தட்டு ஒன்றில் தொடங்குங்கள்.