வண்டியை அணைத்ததும் ஸ்டீரியோ எல்லாவற்றையும் மறப்பது ஏன்?

வணக்கம். புதிய ஸ்டீரியோவைப் பொருத்திய நாள் முதல், வண்டியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரம், சேமித்த எஃப்எம் நிலையங்கள், பாஸ் அளவு எல்லாம் அழிந்துவிடுவதாகவும், கடைக்காரர் கருவியையே மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் செலவிடும் முன், பின்புறம் உள்ள இரண்டு வயர்களைப் பாருங்கள்.

பெரும்பாலான ஸ்டீரியோக்களில் மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எந்நேரமும் 12 வோல்ட் பெற்று நினைவகத்தைக் காக்கும்; சிவப்பு வயர், சாவியைத் திருப்பியபின் மட்டும் மின்சாரம் பெற்றுக் கருவியை இயக்கத்துக்குக் கொண்டுவரும். இவ்விரண்டும் இடம் மாறியிருந்தால் பாட்டு குறையின்றிக் கேட்கும், சாவியை எடுத்ததும் நினைவு மட்டும் போய்விடும். உங்கள் வண்டியில் நடப்பதும் இதுதான் என்று எண்ணுகிறேன். ஸ்டீரியோவை வண்டி வயர்களோடு இணைக்கும் பொதுத்தரச் செருகியான ஐஎஸ்ஓ கனெக்டரில் 4ஆம் பின் (முனை) நிலையான மின்சாரத்துக்கும் 7ஆம் பின் சாவிவழி மின்சாரத்துக்கும் உரியவை என்றாலும், பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் பலவற்றில் இவை மாறியிருக்கும். அதனால்தான் பல வயர் தொகுப்புகளில் இவ்விரு வயர்களை மட்டும் நடுவில் கழற்றி மாற்றிச் செருகும்படி அமைத்திருக்கிறார்கள்.

வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை வண்டியின் வர்ணமற்ற உலோகத்தில் தொட்டு, சாவியை எடுத்த நிலையில் வண்டிப் பக்க வயர்கள் ஒவ்வொன்றையும் சிவப்பு முனையால் தொட்டு அளந்து பாருங்கள். ஏறத்தாழ 12 வோல்ட் காட்டும் வயரே மஞ்சளோடு சேர வேண்டியது. வண்டிப் பக்க வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். எதிலுமே காட்டவில்லையெனில் ஃபியூஸைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து முறுக்கிப் பேட்டரியிலேயே இணைத்துவிடும் மெக்கானிக்குகளும் உண்டு; அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள், சில நாள் நிறுத்திவைத்தாலே பேட்டரி இறங்கிவிடும்.