தலைகீழாகப் படித்த ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

மொழிபெயர்ப்பைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் கணவரும் மிஷனரிகளாக வெளிநாட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. இது எங்கள் முதல் கிறிஸ்துமஸ். மொழி இன்னும் பிடிபடவில்லை. போன ஞாயிறு ஆராதனையில் பாட்டு புரியாமல் நின்று அழுதுவிட்டேன். வீட்டு நினைவு இவ்வளவு வருவது விசுவாசக் குறைவா? டிசம்பர் 25 பைபிளிலேயே இல்லையே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், என்ன சொல்வது? ஆதரவாளர்களுக்குக் கிறிஸ்துமஸ் அறிக்கை அனுப்ப வேண்டும், காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. மிஷனரிக்குக் கிறிஸ்துமஸ் என்றால் உண்மையில் என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பக்கத்து வீட்டுக்காரரை முதலில் முடித்துவிடுவோம். பைபிளில் தேதி இல்லைதான். ஆர்மீனியத் திருச்சபையினர் ஜனவரி 6ஆம் தேதி கொண்டாடுகிறார்கள், ரஷ்யாவில் ஜனவரி 7. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள், விவாதத்துக்குக் கூப்பிடாதீர்கள்.

வீட்டு நினைவு விசுவாசக் குறைவு என்று உங்களுக்குச் சொன்னது யாரோ தெரியவில்லை, ஆனால் வீட்டை விட்டு ஒரு பண்டிகைகூடக் கழிக்காதவராகத்தான் இருப்பார். அழ வந்தால் அழுங்கள்.

அந்த அறிக்கை விஷயத்தில்தான் எனக்குக் கோபம். காட்டுவதற்கு என்ன இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பரிசுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்புகிற வேலையில் தயவுசெய்து இறங்கிவிடாதீர்கள். அந்தப் படங்களில் ஒரு பிள்ளையாவது பொட்டலத்தைப் பார்த்து நான் கண்டதில்லை, எல்லாம் கேமராவையே மிரண்டு பார்த்துக்கொண்டு நிற்கும். பணம் கேட்பது தப்பில்லை. 1873இல் சீனாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி லாட்டி மூன், 1887இல் அங்கே பிங்டு என்ற ஊரிலிருந்து தன் நாட்டுப் பெண்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தை ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் ஒதுக்குங்கள், இங்கே ஆள் போதவில்லை. அடுத்த வருஷமே 3,000 டாலருக்கு மேல் சேர்ந்தது, மூன்று பேரை அனுப்ப அது போதுமானதாக இருந்தது. (அவரே 1912இல், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஊர் திரும்பும் வழியில் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் நின்ற கப்பலில் இறந்துபோனார்.) நீங்களும் உள்ளதை எழுதுங்கள். பத்து மாதத்தில் கடையில் விலை கேட்கத் தெரிந்திருக்கிறது, பாட்டு இன்னும் புரியவில்லை. அறிக்கை அவ்வளவுதான், அனுப்புங்கள்.

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. பாட்டு புரியாமல் நின்றேன் என்கிறீர்களே, அந்த ஒரு வரி. கொஞ்ச நாளாகவே யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் சிக்கிக்கொண்டு கிடக்கிறேன். ‘அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்.’ வாசம்பண்ணினார் என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது கூடாரம் போட்டுத் தங்குவதைக் குறிக்கும் சொல் என்று பிரசங்கிமார் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதற்கடுத்து என்ன நடந்தது என்றுதான் யாரும் கேட்பதில்லை. வார்த்தையானவர், அதாவது இயேசு, வந்தார், வந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேச வராது. குழந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்கு ‘பேசாதது’ என்றுதான் நேர்ப்பொருள். தண்ணீர் கேட்பதற்கும் அம்மாவைக் கூப்பிடுவதற்கும் அவர் மரியாளின் வாயைப் பார்த்துப் பார்த்து அராமிக் பழகியிருக்க வேண்டும், அதுவும் எருசலேமில் வாயைத் திறந்ததும் அவருடைய சீடன் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததே, அந்தக் கலிலேயக் கொச்சையில். வானத்திலிருந்து வந்தவருக்கே குறுக்குவழி இல்லை, உங்களுக்கு மட்டும் பத்து மாதத்தில் பாட்டு புரிந்துவிட வேண்டுமா?

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9, மறுநாள் அவருக்கு 24 வயது. ஒரு கிழ வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தோடேயே வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். அப்புறம் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார், அச்சடித்தார், அதையெல்லாம் எல்லோரும் பேசுகிறார்கள். 1708 கிறிஸ்துமஸுக்கு அவர் அந்த ஊரை அப்போது ஆண்ட டேனியர்களின் கோட்டைக்குள் சிறையில் இருந்தார், அடைத்தது அங்கிருந்த ஐரோப்பிய ஆளுநரேதான். எனக்கு அந்தச் சிறையைவிட மணல்தான் பெரிதாகப் படுகிறது. படித்த ஓர் ஆண்மகன், ஆறு வயதுப் பிள்ளை தன் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கும்படி உட்கார்ந்திருக்கிறான்.

இதை நான் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் எங்கள் கோயிலில் ஒரு வெளிநாட்டுச் சாமியார் இருந்தார். ஒரு கிறிஸ்துமஸ் இரவு, நாடகமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. அப்பா காணிக்கைக் கணக்கு முடிக்கட்டும் என்று அலுவலக அறையில் தூங்கி வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீல ஏரோகிராமை, மடித்து ஒட்டினால் தாளே உறையாகிவிடும் அந்த வெளிநாட்டுக் கடிதத்தை, எடுத்தார். மேலே பென்சிலால் 25 என்று எழுதியிருந்தது. எப்போதோ வந்த கடிதத்தை அன்றைக்கென்று பிரிக்காமல் வைத்திருந்திருக்கிறார். காகிதம் வெட்டும் கத்தியால் மூன்று ஓரத்தையும் மெதுவாகக் கீறிப் பிரித்துப் படித்தார், நடுவில் சிரித்தார், அக்காவுடையது என்று அப்பாவிடம் சொன்னார். உடனே ஒரு தாளை இழுத்துப் பதில் எழுத ஆரம்பித்தார். வேகமாக ஓடிய பேனா ஓரிடத்தில் நின்றது. நெற்றியைத் தேய்த்தார், கூரையைப் பார்த்தார், அவருடைய தாய்மொழியில் ஏதோ ஒரு சொல் அவருக்கு வரவே இல்லை. கடைசியில் எதையோ எழுதிவிட்டு மேலே போனார்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து எட்டிப் பார்த்தேன். புரியாத எழுத்துகளுக்கு நடுவே தலைகீழாக ஒரே ஒரு தமிழ்ச் சொல். கூச்சம். அன்று மாலை இடையன் வேஷம் போட்டுக்கொண்டு, இருந்த ஒற்றை வசனத்தையும் சொல்ல வெளியே வராமல் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றது நான்தான், அதைத்தான் எழுதுகிறார் என்று காது சூடாகிவிட்டது. ஆனால் சொல்லில் ஒரு பிழை இருந்தது.

“சாமி, ச்-க்குப் புள்ளி விட்டுப்போச்சு” என்றேன்.

குனிந்து பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பிவைத்து, பேனாவை நீட்டினார்.